பங்குச் சல்லடை: தெலுக் இந்தான் வட்டார வாசகர்களின் கேள்விகள்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பங்கு ஸ்கிரீனர்களை, அதாவது நாம் போடும் நிபந்தனைக்கு ஏற்பப் பங்குகளைச் சலித்துக் காட்டும் தளங்களைப் பற்றி தெலுக் இந்தான், உத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டோம். பெயர் சொல்லும் நிறுவனங்கள் எல்லாம் விளக்கத்துக்காகத்தான். வாங்கு என்றும் சொல்லவில்லை, விற்றுவிடு என்றும் சொல்லவில்லை.

கேள்வி: கே.எல்.எஸ்.இ. ஸ்கிரீனரில் பி.இ. 8-க்குக் கீழே, டிவிடெண்ட் 5 விழுக்காட்டுக்கு மேலே என்று போட்டுப் பார்த்தேன். பக்கம் பக்கமாக வருகிறது. பாதிப் பெயர்களைக் கேள்விப்பட்டதே இல்லை. எங்கே தொடங்குவது?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தெலுக் இந்தான்

பதில்: பி.இ. என்பது ஒரு பங்கின் விலை, அதன் ஓராண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற எண். டிவிடெண்ட் என்பது நிறுவனம் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம், விழுக்காடு விலையோடு ஒப்பிட்டது. ஆக, நீங்கள் விலையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். முதலில் குப்பையைக் கழியுங்கள், விலைக்குப் பிறகு வரலாம்.

முதல் வேலை, மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவின் முதன்மைப் பிரிவு, 'மெயின் மார்க்கெட்' மட்டும் என்று தேர்ந்தெடுப்பது. 'ஏஸ்' சந்தையில் இருப்பவை பெரும்பாலும் சின்ன, இளைய நிறுவனங்கள். கை பழகிய பிறகு பார்க்கலாம். 'லீப்' சந்தை நம்மைப் போன்ற சாதாரண முதலீட்டாளருக்கானதே அல்ல. அடுத்து, நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்புக்குக் குறைந்தபட்சம் 300 மில்லியன் ரிங்கிட். சில தளங்களில் இந்தக் கட்டத்தில் மில்லியன் கணக்கில் எழுத வேண்டும், சிலவற்றில் எல்லாப் பூஜ்யங்களையும் போட வேண்டும். பட்டியல் காலியாக வந்தாலோ எல்லாப் பங்கும் வந்து விழுந்தாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான்.

பிறகு ஆர்.ஓ.இ., அதாவது பங்குதாரர் போட்ட பணத்துக்கு நிறுவனம் ஈட்டும் வருமானம். குறைந்தபட்சம் 8, அதிகபட்சம் 40 என்று வையுங்கள். உயர்ந்தால் நல்லதுதானே, மேல்வரம்பு எதற்கு என்று கேட்பீர்கள். 40-க்கு மேல் வருவதில் பல, உண்மையான திறமையால் வந்தவை அல்ல. பல ஆண்டு நஷ்டத்தில் மூலதனமே கரைந்து, வகுக்கும் எண் சிறுத்துப் போனதால் வந்தவை.

அதன் பிறகே பி.இ. குறைந்தபட்சம் 3, அதிகபட்சம் 15. அந்த 3-ஐ மறக்காதீர்கள். '8-க்குக் கீழே' என்று மட்டும் போட்டால், சில தளங்கள் நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தையும் உள்ளே விட்டுவிடும். கழித்தல் 12-ம் 8-க்குக் கீழேதானே. பி.இ. 1, 2 என்று வருபவற்றில் பெரும்பாலும் ஏதோ ஒரு முறை மட்டும் வந்த லாபம் ஒளிந்திருக்கும். டிவிடெண்ட் கட்டத்தை முதல் சுற்றில் காலியாகவே விடுங்கள்.

இப்போது ஆர்.ஓ.இ. அதிகம் உள்ளதிலிருந்து அடுக்குங்கள். இருபது முப்பது பெயர் மிஞ்சினால் போதும். நூறு வந்தால் ஆர்.ஓ.இ.யை 12-க்கு ஏற்றுங்கள், பி.இ.யை இறக்காதீர்கள். இறக்கினால் நல்லவை வெளியே போய், நொண்டிகள் உள்ளே நிற்கும்.

மிஞ்சியதில் கையால் அடிக்க வேண்டியவை சில உண்டு. பெயரின் வாலில் கோடு போட்டு 'டபிள்யூ.ஏ.', 'டபிள்யூ.பி.' என்று வந்தால் அது வாரண்ட், அதாவது பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை, பங்கு அல்ல. குறித்த நாளோடு ஆயுள் முடிந்துவிடும். 'பி.என்.17' முத்திரை குத்தப்பட்டவை நிதி நெருக்கடியில் இருப்பவை. ஏஸ் சந்தையில் இதற்கு 'ஜி.என்.3' என்று பெயர். வங்கிகளைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். கடன்-மூலதன விகிதம் போட்டு வங்கியைச் சலிக்க முடியாது, அவர்கள் தொழிலே அடுத்தவர் பணத்தில்தான்.

தேடும்போது நான்கு இலக்கக் குறியீட்டு எண்ணைப் பயன்படுத்துங்கள். கெந்திங் என்று அடித்தால் மூன்று நிற்கும்: தாய் நிறுவனம் 3182, கெந்திங் மலேசியா 4715, கெந்திங் பிளாண்டேஷன்ஸ் 2291. ஒன்றின் கணக்கைப் படித்துவிட்டு இன்னொன்றை வாங்கிவிடக் கூடாது.

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊழியர் சேமநிதியை எடுத்து டிவிடெண்ட் பங்கில் போடலாமா என்று யோசனை. டிவிடெண்ட் 12 விழுக்காடு காட்டும் பங்குகள் இருக்கின்றனவே?
— உத்தான் மெலிந்தாங்

பதில்: ஐயா, அந்த 12 எப்படி வந்தது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். ஸ்கிரீனர் செய்வது ஒரு வகுத்தல்தான்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் கொடுத்த மொத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுக்கும். வரப்போகும் டிவிடெண்ட் அதற்குத் தெரியாது.

ஒரு பங்கு 1 ரிங்கிட் 50 சென். கடந்த ஆண்டு 18 சென் கொடுத்தது. 18-ஐ 150-ஆல் வகுத்தால் 12 விழுக்காடு, கணக்கு சரி. ஆனால் அந்த 18-இல் 12 சென் 'சிறப்பு டிவிடெண்ட்'. ஏதோ ஒரு சொத்தை விற்ற காசு. ஆண்டுதோறும் வரக்கூடியது 6 சென்தான். அப்படியானால் உண்மையான கணக்கு 4 விழுக்காடு. ஊழியர் சேமநிதி 2023-க்கு 5.50 விழுக்காடும் 2024-க்கு 6.30 விழுக்காடும் கொடுத்தது, அதுவும் முதல் ஆடாமல். அங்கே நிம்மதியாக இருக்கும் பணத்தை 4 விழுக்காட்டுக்காக எடுத்து வருவதில் அர்த்தம் இல்லை.

எண் வீங்குவதற்கு இன்னொரு வழி, விலை சரிவது. 3 ரிங்கிட்டாக இருந்த பங்கு 1.50-க்கு விழுந்தால், டிவிடெண்டில் ஒரு சென் கூட ஏறாமலேயே விழுக்காடு இரட்டிப்பாகும். சந்தை முன்கூட்டியே எதையோ மோப்பம் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

டிவிடெண்ட் பங்கு தேட வேண்டுமென்றால் 4-க்கும் 8-க்கும் இடையில் போடுங்கள். வந்த ஒவ்வொரு பெயரிலும் 'டிவிடெண்ட்' தாவலைத் திறந்து ஐந்து ஆண்டு வரிசையைப் பாருங்கள். பக்கத்திலேயே ஒவ்வொரு ஆண்டின் பங்கொன்றுக்கான லாபத்தையும் எழுதுங்கள். லாபம் 7 சென், டிவிடெண்ட் 9 சென் என்று இரண்டு ஆண்டு தொடர்ந்தால், சேமிப்பை எடுத்துத்தான் கொடுக்கிறார்கள்.

'எக்ஸ்-டேட்' என்ற நாளைக் கவனியுங்கள். அன்றோ அதற்குப் பிறகோ வாங்கினால் அந்தத் தவணை டிவிடெண்ட் உங்களுக்குக் கிடையாது. முதல் நாள் வாங்கிவிட்டு மறுநாள் விற்றுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். எக்ஸ்-டேட் காலையில் விலை ஏறக்குறைய அந்த டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் நிற்கும், தரகுக் கட்டணம் கையைக் கடிக்கும். வரி பற்றியும் கேட்டிருந்தீர்கள்: 2025 வரி ஆண்டிலிருந்து, ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் டிவிடெண்டுக்குத்தான் 2 விழுக்காடு. நம்மில் பலருக்கு அந்தக் கவலை வராது.

கேள்வி: செம்பனைக் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தெரிந்த தொழிலில் போடலாமே என்று ஸ்கிரீனரில் 'பிளாண்டேஷன்' துறையைத் தேர்ந்தெடுத்து, பி.இ. குறைந்ததிலிருந்து அடுக்கினேன். 5, 6 என்று வருகிறது. உண்மையிலேயே இவ்வளவு மலிவா?
— பாகான் டத்தோ வாசகியும் இன்னும் மூவரும்

பதில்: தெரிந்த தொழிலில் தொடங்கியது நல்லது. ஆனால் விலை ஏறி இறங்கும் சரக்கை விற்கிற நிறுவனத்துக்கு பி.இ. தலைகீழாகப் பேசும். சரக்கு விலை உச்சியில் இருக்கும்போது லாபம் கொழிக்கும், பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அந்த விலை நிலைக்காது என்று சந்தை நினைப்பதால்தான் பங்கு அதற்கேற்ப ஏறுவதில்லை. 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் ஒரு டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஏறக்குறைய பாதி. மார்ச்சு லாபத்தை வைத்து மலிவு என்று வாங்கியவரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். கையுறைத் தொழிலில் இது இன்னும் பெரிதாக நடந்தது. டாப் குளோவ் 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் 7 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் லாபம் காட்டியது. 2023 ஆகஸ்டில் முடிந்த ஆண்டில் நஷ்டம். 2020 அக்டோபரில் 9 ரிங்கிட்டைத் தாண்டியிருந்த பங்கு, இரண்டே ஆண்டில் 1 ரிங்கிட்டுக்குக் கீழே. இடையில் ஸ்கிரீனர்களில் அது படு மலிவான பங்காகத்தான் தெரிந்தது.

அதனால் தோட்ட நிறுவனத்துக்கு பி.இ.யை நீங்களே போடுங்கள். பங்கு விலை 2 ரிங்கிட், கடந்த நான்கு காலாண்டு லாபம் பங்குக்கு 33 சென் என்றால் ஸ்கிரீனர் 6 என்று காட்டும். ஐந்து ஆண்டு லாபத்தை எடுங்கள்: 10, 12, 18, 33, 17 சென். கூட்டினால் 90, சராசரி 18. இப்போது பி.இ. 11. அந்த 11-ஐத்தான் மற்ற நிறுவனத்தோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, அந்த 33 சென்னுக்குள் என்ன இருக்கிறது என்பது. பட்டணத்தை ஒட்டிய தோட்டத்தை வீடு கட்ட விற்றால் அந்தப் பணமும் லாபத்தில் வந்து உட்காரும். ஸ்கிரீனர் அதைப் பிரிக்காது. சல்லடைக்கு அளவுதான் தெரியும். அரிசி அளவில் கல் இருந்தால் அதையும் அரிசியோடு சேர்த்துத்தான் கொடுக்கும். கல் பொறுக்கும் இடம் காலாண்டு அறிக்கை. புர்சா மலேசியா இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு 'ஃபைனான்ஷியல் ரிசல்ட்ஸ்' அறிவிப்பைத் திறந்தால் பி.டி.எஃப். கோப்பு இருக்கும். எண்கள் முடிந்து குறிப்புகள் தொடங்கும் இடத்தில் 'பார்ட் ஏ', 'பார்ட் பி' என்று வரும். பார்ட் பி-யின் முதல் மூன்று குறிப்புகளை மட்டுமாவது படியுங்கள்: ஏன் லாபம் ஏறியது, முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் எப்படி, இனி எப்படி இருக்கும். பிறகு, நிலம் விற்ற லாபம், மரத்தில் நிற்கும் குலைகளின் மதிப்பு மாற்றம், நாணய மாற்று லாபம் என்று தனித்தனியாகத் தரும் குறிப்பைத் தேடுங்கள். மொத்த லாபம் 60 மில்லியன், அதில் நிலம் விற்றது 35 மில்லியன் என்றால் தொழிலில் சம்பாதித்தது 25 மில்லியன்தான். 200 மில்லியன் பங்குக்கு அது 12.5 சென். விலை 1.80 என்றால் ஸ்கிரீனர் காட்டிய 6, கையில் எடுத்தால் 14.4.

'முந்தைய காலாண்டை விட லாபம் கூடியவை' என்றொரு வடிகட்டி சில தளங்களில் உண்டு. செம்பனைக்கு அதைத் தொடாதீர்கள். வருடத் தொடக்கத்தில் குலை குறைவு, வருடத்தின் பிற்பாதியில்தான் வெட்டு ஏறும் என்பது வெட்டுக்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வடிகட்டி பிற்பாதியில் எல்லாத் தோட்டத்தையும் அள்ளி வரும், முதல் காலாண்டில் எல்லாவற்றையும் தள்ளிவிடும். போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடும் வடிகட்டியைப் போடுங்கள்.

மரத்தின் வயது எந்த ஸ்கிரீனரிலும் கிடையாது. இங்கேதான் நீங்கள் கோலாலம்பூர் வாசகரைவிட ஒரு படி மேலே. நட்டு மூன்று ஆண்டுவாக்கில் குலை தள்ளும். எட்டிலிருந்து பதினெட்டு வரை நல்ல விளைச்சல். இருபத்தைந்தில் மரம் உயர்ந்து, அரிவாள் எட்டாமல், வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். பாதி நிலத்தில் இருபது வயது தாண்டிய மரம் நிற்கும் நிறுவனம் இன்று நல்ல லாபம் காட்டலாம், மறுநடவைத் தள்ளிப்போட்டதாலேயே காட்டலாம். ஆண்டறிக்கையில் மரங்களின் வயது அட்டவணையைத் தேடுங்கள். கூடவே ஒரு ஹெக்டருக்கு எத்தனை டன் குலை, குலையில் எத்தனை விழுக்காடு எண்ணெய். ஜென்டராட்டா தோட்டத்திலேயே தலைமையகம் வைத்திருக்கும் யுனைடெட் பிளாண்டேஷன்ஸின் ஆண்டறிக்கையில் பல ஆண்டு விளைச்சல் ஒரே அட்டவணையில் இருக்கும். வாங்குகிறீர்களோ இல்லையோ, மற்றவர்களை அளக்க நல்ல அளவுகோல் அது.

இன்னொரு கணக்கும் போடலாம். சந்தை மதிப்பு 900 மில்லியன், அதோடு நிகரக் கடன் (ரொக்கக் கையிருப்பைக் கழித்த கடன்) 100 மில்லியன், மொத்தம் 1,000 மில்லியன் ரிங்கிட். நட்ட பரப்பு 20,000 ஹெக்டர். ஆக ஒரு ஹெக்டருக்கு 50,000 ரிங்கிட். இதை மற்ற நிறுவனங்களோடும், உங்கள் பக்கத்தில் செம்பனை நிலம் கைமாறும் விலையோடும் வைத்துப் பாருங்கள். ஸ்கிரீனர் காட்டும் 'என்.டி.ஏ.' (ஏட்டின்படி பங்குக்கு உள்ள நிகரச் சொத்து) இதற்கு உதவாது, ஏனென்றால் சில நிறுவனங்களின் ஏட்டில் நிலம் பல பத்தாண்டுக்கு முந்தைய விலையிலேயே தூங்குகிறது. சபா, சரவாக் நிலத்தைப் பேராக் நிலத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடவும் வேண்டாம்.

கேள்வி: ஒரே பங்குக்கு ஒரு தளம் பி.இ. 9 என்கிறது, டிரேடிங்வியூ 14 என்கிறது. யாரை நம்புவது?
— தெலுக் இந்தான்

பதில்: பெரும்பாலும் இருவருமே சரி. ஒருவர் கடைசி நான்கு காலாண்டைக் கூட்டுகிறார், மற்றவர் முடிந்த நிதியாண்டை எடுக்கிறார். இடையில் போனஸ் பங்கு கொடுத்திருந்தால் குழப்பம் கூடும். கையிலுள்ள இரண்டு பங்குக்கு ஒன்று இலவசமாகக் கொடுக்கும் போனஸ் என்றால் விலை மூன்றில் இரண்டாகக் குறையும். பழைய லாபத்தைத் தளம் திருத்தவில்லை என்றால் பி.இ. பொய்யாக மூன்றில் ஒரு பங்கு குறைந்து தெரியும். விலை ஒரே நாளில் படிக்கட்டு போல் இறங்கியிருந்தால் சரிவு என்று பதறாமல், முதலில் அறிவிப்புப் பக்கத்தில் போனஸ், பங்குப் பிரிப்பு எதுவும் உண்டா என்று பாருங்கள்.

விற்பனையோடு ஒப்பிட்டு மலிவு தேடுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று: பத்து காவான். கோலாலம்பூர் கெப்போங் என்ற கே.எல்.கே.-யில் ஏறக்குறைய பாதிப் பங்கு இதனிடம். கணக்கு விதிப்படி கே.எல்.கே.-யின் மொத்த விற்பனையும் பத்து காவான் ஏட்டில் சேரும், ஆனால் அதில் பாதிக்கு மேல் வெளிப் பங்குதாரர்களுடையது. அதனால் விற்பனை மலைபோலவும் சந்தை மதிப்பு மடுபோலவும் தெரியும். இப்படிப்பட்ட நிறுவனத்தில் 'தாய் நிறுவனப் பங்குதாரருக்குரிய லாபம்' என்ற ஒரே வரியைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் 5 சென் பங்கு ஒன்றைச் சொல்கிறார்கள், ஸ்கிரீனரில் வியாபாரமாகும் பங்கு எண்ணிக்கையிலும் அதுதான் முதலிடம். 10 சென் போனால் இரட்டிப்பாமே?
— உத்தான் மெலிந்தாங் இளைஞர்

பதில்: 1 ரிங்கிட்டுக்குக் கீழான பங்கு அரை சென் அரை சென்னாகத்தான் நகரும். 5 சென்னுக்கு வாங்கக் காத்திருப்பவரும் 5.5-க்கு விற்கக் காத்திருப்பவரும் இருந்தால், நீங்கள் 5.5-க்கு வாங்கி உடனே மனம் மாறி விற்றால் 5 சென்தான் கிடைக்கும். சந்தை அசையாமலேயே 9 விழுக்காடு போச்சு. எண்ணிக்கையில் முதலிடம் என்பதும் பெரிய விஷயமில்லை. 5 சென் பங்கு ஒரு கோடி கைமாறினால் மொத்தம் 5 லட்சம் ரிங்கிட்தான். எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை வையுங்கள். நாங்கள் பயன்படுத்தும் வரம்பு, ஒரு நாள் சராசரி வியாபாரம் 50,000 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது.

குழுவில் பேசுபவர் உரிமம் உள்ளவரா என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் இணையத்தளத்தில் தேடலாம். அதே தளத்தில் எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு. அவர் காட்டும் தனிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் தேடக்கூட வேண்டாம், வெளியேறிவிடுங்கள். பங்கு வாங்குவது உரிமம் உள்ள தரகர் வழியாக, பங்குகளைப் பதிந்து வைக்கும் சி.டி.எஸ். கணக்கில்தான்.

கேள்வி: மாதம் 600 ரிங்கிட் ஒதுக்க முடியும். மாதா மாதம் ஒரு பங்கு வாங்கலாமா?
— தொழிற்சாலை ஊழியர், தெலுக் இந்தான்

பதில்: செலவைப் போட்டுப் பாருங்கள். 1.20 விலையில் 500 பங்கு, 600 ரிங்கிட். உங்கள் தரகரின் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 ரிங்கிட், ஆயிரம் நிறையாவிட்டாலும் 1 ரிங்கிட்தான். கிளியரிங் கட்டணம் 0.03 விழுக்காடு, 18 சென். மொத்தம் 9.18, அதாவது ஒன்றரை விழுக்காடு. விற்கும்போதும் இதே அளவு என்றால் 3 விழுக்காடு. மூன்று மாதம் சேர்த்து 1,800 ரிங்கிட்டாக ஒரே முறை வாங்கினால் (8 ரிங்கிட் இன்னும் போதுமானால்) செலவு 10.54, அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒரு லாட் 100 பங்கு என்பதால் 20 ரிங்கிட் பங்குக்கு ஒரே லாட்டுக்கு 2,000 வேண்டும். ஸ்கிரீனரில் விலைக் கட்டத்துக்கு அதிகபட்சம் 15 என்று போட்டுவிடுங்கள், எட்டாததைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

கேள்வி: இலவசத் தளத்தில் விலை 15 நிமிடம் தாமதம் என்கிறார்கள். காசு கட்டி வாங்கணுமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை சலிப்பது?
— பாகான் டத்தோ

பதில்: வேண்டாம். காலாண்டு அறிக்கையைப் படித்து வாங்குபவருக்குக் கால் மணி நேரம் ஒன்றும் செய்யாது. வாங்கும் நேரத்தில் தரகரின் செயலியில் அப்போதைய விலை தெரியும்.

தினமும் சலிக்கவும் வேண்டாம். காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை வெளியிட வேண்டும் என்பது புர்சா விதி. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பரில் காலாண்டு முடியும் நிறுவனங்களே அதிகம் என்பதால், மே, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி கடைசி வாரத்தில் அறிக்கைகள் கொட்டும். அந்த வாரத்தில் சலித்தால் பாதிப் பேருடையது பழைய எண்ணாக இருக்கும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் முதல் வாரத்தில் சலியுங்கள். போன முறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, புதிதாக வந்தவர் யார், காணாமல் போனவர் யார் என்று பாருங்கள். காணாமல் போனவரின் அறிக்கையை முதலில் திறங்கள்.